மலைக்காட்டில் இறுதியாண்டு ஆய்வு: அனுமதி எடுப்பதிலிருந்து அறிக்கை கொடுப்பது வரை

பேராதனை, சப்பிரகமுவ, ஊவா வெல்லஸ்ஸ என்று எந்தப் பல்கலைக்கழகத்தில் இயற்கை வளமும் சூழல் பாதுகாப்பும் படித்தாலும் சிறப்புக் கற்கைக்காரருக்கு நான்காம் ஆண்டில் தனி ஆய்வு ஒன்று உண்டு. மலைநாட்டுப் பிள்ளைகள் பலர் வீட்டுக்குப் பக்கத்துக் காட்டையே எடுக்கிறார்கள். நல்ல தெரிவுதான். ஆனால் தட்டையான நிலத்துக்கு எழுதிய முறையை அப்படியே மலைச்சரிவுக்குக் கொண்டுபோனால் தரவு முழுதும் பிசகிவிடும். நாங்கள் செய்த மரக் கணக்கெடுப்பை வைத்து, எது எங்கே கெடும், ஏன் கெடும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதல் வேலை அனுமதி. காடு யாருடையது என்பதைப் பொறுத்து விண்ணப்பம் போகும் இடம் மாறும். 1988இல் தேசிய பூங்காவான ஹோர்டன் சமவெளிக்கும், 1938இலிருந்து கடும் இயற்கை ஒதுக்கிடமாக இருக்கும் ஹக்கலைக்கும் வனஜீவராசிகள் திணைக்களம். 2000இல் பாதுகாப்புக் காடாக அறிவிக்கப்பட்ட நக்கிள்ஸுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களம். இரண்டின் தலைமையகமும் பத்தரமுல்லையில். தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் துண்டுக்காடு என்றால் தோட்டத்துரையின் (தோட்ட முகாமையாளரின்) எழுத்து அனுமதி வேண்டும்; அது ஒதுக்குக்காட்டு எல்லையோடு ஒட்டியிருந்தால் திணைக்களத்தையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். விண்ணப்பத்தோடு ஆய்வு முன்மொழிவு, மேற்பார்வையாளரின் கடிதம், போகும் ஆட்களின் பெயர், இடம், திகதி எல்லாம் வேண்டும். பலரும் விடுவது ஒன்று: செடியின் கிளையை வெட்டி எடுக்கப் போகிறோம் என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பார்க்கவும் அளக்கவும் தந்த அனுமதியில் மாதிரி சேகரிக்க முடியாது. 1937இன் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மாணவருக்கும் பொருந்தும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் மூன்றாம் ஆண்டு முடியுமுன்னே போட்டுவிடுங்கள். அனுமதி கையில் வந்த பிறகும் முதல் நாள் உள்ளூர் அலுவலகத்தில் பிரதி கொடுத்துவிட்டே உள்ளே போக வேண்டும்.

காலத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, சிவனொளிபாதமலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் வேலைக்காலம். பதுளை, வெலிமடைப் பக்கம் நேர்மாறு: ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்று, டிசம்பரில் மழை. மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடி இடிக்கும், ஒரு மணிக்குள் மேட்டை விட்டு இறங்கிவிட வேண்டும்.

இனி, ஆய்வறிக்கையைக் கவிழ்க்கும் பெரிய பிழை. ஒரே துண்டுக்காட்டில் மூன்று பிளொட் (மரம் எண்ணுவதற்காக அளந்து குறித்த சதுரம்) போட்டுவிட்டு மாதிரி எண்ணிக்கை மூன்று என்று எழுதுவது. துண்டுக்காடுகளை ஒப்பிடுவதுதான் கேள்வி என்றால், ஆறு காட்டில் மும்மூன்று பிளொட் போட்டாலும் மாதிரி எண்ணிக்கை ஆறுதான், பதினெட்டு அல்ல. ஒரே காட்டின் பிளொட்டுகள் மண், மழை, வெட்டிய வரலாறு எல்லாவற்றையும் பகிர்கின்றன. ஒவ்வொரு காட்டுக்கும் சராசரி எடுங்கள், அல்லது காட்டை எழுமாற்றுக் காரணியாக (random effect) வைத்துக் கணியுங்கள். எத்தனை காடு தேவை என்பதைக் களத்துக்குப் போகுமுன் புள்ளிவிபர விரிவுரையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. போய் வந்த பிறகு கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சரிவு விடயத்துக்கு வருவோம். 20 மீற்றருக்கு 20 மீற்றர் பிளொட் என்றால் அது கிடைத்தளத்தில் 400 சதுர மீற்றர். 30 பாகைச் சரிவில் டேப்பைத் தரையோடு படுக்கவைத்து 20 மீற்றர் அளந்தால் கிடைத்தூரம் 17.3 மீற்றர்தான், பரப்பு 346 சதுர மீற்றராகிவிடும். அதை 400 என்று எடுத்துக் கணக்கிட்டால் ஹெக்டெயருக்கு இத்தனை மரம் என்ற எண் 13 வீதத்துக்கு மேல் குறைந்துவிடும். சரிவான காடும் தட்டையான காடும் கலந்த ஆய்வில், காட்டின் வித்தியாசமா அளவுப் பிழையா என்று பிறகு பிரிக்கவே முடியாது. சரிசெய்வது லேசு: தேவையான கிடைத்தூரத்தைச் சரிவுக் கோணத்தின் கோசைனால் வகுங்கள். 10 பாகைக்கு 20.3, 20 பாகைக்கு 21.3, 30 பாகைக்கு 23.1, 35 பாகைக்கு 24.4 மீற்றர். இந்த நான்கு எண்ணையும் குறிப்பு அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோணத்தைக் கிளினோமீட்டரால், உங்கள் கண்மட்டத்துக்குச் சமமான உயரத்தில் அடையாளம் கட்டிய கம்பைப் பார்த்து எடுக்க வேண்டும். எதிரில் நிற்பவரின் காலைப் பார்த்து எடுத்தால் கோணம் பிழைக்கும். நடுவில் சரிவு மாறினால் துண்டு துண்டாக அளங்கள். ஐந்து மீற்றருக்கு ஒரு தடவை டேப்பை மட்டமாகப் பிடித்துத் தூக்குக்குண்டு இறக்கி அளப்பதும் சரிதான், ஆள் ஒருவர் கூடத் தேவை. நான்கு மூலையும் அடித்த பிறகு மூலைவிட்டத்தைப் பாருங்கள், கிடைத்தூரத்தில் 28.3 மீற்றர் வர வேண்டும்.

மரத்தின் சுற்றளவை 1.3 மீற்றர் உயரத்தில் அளக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சரிவில் அந்த உயரத்தை மேட்டுப் பக்கத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். 1.3க்குக் கீழே கவைத்திருந்தால் ஒவ்வொரு தண்டும் தனி அளவு, ஆனால் மரம் ஒன்றுதான். தாளில் இரண்டுக்கும் தனித்தனி நிரல் வையுங்கள். 1,500 மீற்றருக்கு மேலே முகில்காட்டில் இன்னொன்று இருக்கிறது: பாசி. கீனா மரத்தின் தண்டைச் சுற்றி ஈரப்பாசி ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் இருந்தால் சுற்றளவு 6.3 சென்ரிமீற்றர் கூடும், விட்டம் 2 கூடும். 10 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு மேல்தான் எண்ணுகிறோம் என்று வைத்திருந்தால், 8 சென்ரிமீற்றர் மரமெல்லாம் கணக்குக்குள் வந்துவிடும். அதற்காகப் பாசியைச் சுரண்டக்கூடாது, அதில் வாழும் ஓர்க்கிட்டும் பன்னமும் போய்விடும். டேப்பின் நுனியைப் பாசிக்கு அடியால் மெதுவாக விட்டுச் சுற்றி எடுங்கள்.

பென்சிலால் எழுதுங்கள். போல்பொயின்ட் ஈரத்தில் எழுதாது, ஜெல் பேனா கரைந்துவிடும். அட்டைக்கடிக்கு, முழங்கால்வரை வரும் இறுக்கமாக நெய்த துணிக்காலுறைதான் நம்பகமானது. கடித்தால் பிடுங்காமல் நகத்தை வாயின் ஓரத்தில் வைத்துத் தள்ளிவிடுங்கள். ஜிபிஎஸ்ஸை அடர்ந்த இலைக்கூரைக்குக் கீழே நம்ப வேண்டாம். சில நிமிடம் வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். பழைய நில அளவை வரைபடத்தின் ஆள்கூற்று முறையும் கருவியின் முறையும் ஒன்றா என்று பார்க்காமல் புள்ளி போட்டால் பிளொட் அடுத்த மலையில் போய் நிற்கும்.

பெயர் தெரியாத மரம் நிறையவே வரும். பூவோ காயோ உள்ள கிளையாக, இரண்டு பிரதி எடுங்கள். நுவரெலியாப் பக்கத்துப் பனியில் பத்திரிகைத் தாளுக்குள் வைத்த இலை காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் களத்தில் தாளோடு மடித்து அடுக்கி, மெதிலேட்டட் ஸ்பிரிட் ஊற்றி நனைத்து, தடித்த பொலித்தீன் பையில் காற்றுப்போகாமல் கட்டிவிடுங்கள். சில வாரம் தாங்கும். கீழே இறங்கியதும் அழுத்தி, சூளையில் உலர்த்தலாம். ஸ்பிரிட்டில் நிறம் போய்விடும் என்பதால் பூவின் நிறம், மரப்பாலின் நிறம், மணம் எல்லாவற்றையும் வெட்டிய இடத்திலேயே எழுத வேண்டும். மரபணு வேலை இருந்தால் முதலில் ஒரு துண்டு இலையைச் சிலிக்கா ஜெல்லில் போட்டுவிடுங்கள். பேராதனைப் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரக் காப்பகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்; போகுமுன் உங்கள் மாதிரிகளை ஒரே மாதிரியானவை என்று குவியல் பிரித்துக் கொண்டுபோனால் வேலை பாதியாகும்.

தோட்டத்து மக்களிடம் விறகு, தண்ணீர், காட்டுப்பன்றி பற்றிக் கேட்பதாக இருந்தால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவை. கொழுந்து எடுக்கும் நேரத்தில் அக்காமாரை மறிக்காதீர்கள். அரைமணி போனால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்) விழும். பின்னேரம் லயத்துக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊற்று எந்த வருடம் வற்றியது என்று அவர்கள் சொல்வது வேறெங்கும் எழுதப்படாத தரவு.

கணக்கில் இரண்டே விடயம். அடிப்பரப்பை (1.3 மீற்றர் உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பை) சுற்றளவிலிருந்து எடுக்கும்போது சுற்றளவின் வர்க்கத்தை 4πஆல் வகுக்க வேண்டும்: 94.2 சென்ரிமீற்றர் மரத்துக்கு 0.0706 சதுர மீற்றர். பிளொட் தொகையை 25ஆல் பெருக்கினால் ஹெக்டெயர். ஷனன் சுட்டியை (இனப் பல்வகைமையைக் காட்டும் எண்ணை) இயற்கை மடக்கையில் எடுத்தீர்களா, பத்தை அடியாகக் கொண்ட மடக்கையிலா என்று எழுதாமல் பிறர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒன்று மற்றதைப்போல் 2.3 மடங்கு.

அறிக்கை முடிந்ததும் ஒரு பிரதி அனுமதி தந்த திணைக்களத்துக்குப் போக வேண்டும். தோட்டத்துக்கும் இரண்டு பக்கத்தில், தமிழில், எந்தக் காட்டில் என்ன மரம் இருந்தது, எந்த ஓடைக்கரையை வெட்டாமல் விடவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மூலத் தரவுத் தாள்களை ஸ்கேன் பண்ணி, மூலைகளின் ஆள்கூறுகளோடு துறை நூலகத்தில் வையுங்கள். பத்து வருடம் கழித்து அதே பிளொட்டை இன்னொரு மாணவர் மீண்டும் அளக்க அது போதும்.