டிரெஃபி 65535: ஆறியிருந்தால் பாஸ், சூடேறினால் ஃபெயில்

கேம் ஆடும்போது என் கம்ப்யூட்டர் ஏன் விழுகிறது என்பதற்கான காரணம் ஒருவழியாக அகப்பட்டுவிட்டது. ராம் ஸ்டிக் பழுதில்லை, ஸ்லாட்டில் கோளாறில்லை, பவர் சப்ளையும் குற்றவாளி இல்லை. மதர்போர்டு பயாஸில் (துவக்க அமைப்புகள் இருக்கும் இடம்) மெமரியை வேகப்படுத்துகிறேன் என்று ஒரு முன்னமைவு இருக்கிறதே, அது சத்தமில்லாமல் டிரெஃபியை, அதாவது ராமின் இரண்டு ரெஃப்ரெஷ்களுக்கு நடுவேயுள்ள இடைவெளியை, 65535-க்கு ஏற்றி வைத்திருக்கிறது. கேபினட் ஆறியிருக்கும்வரை பிரச்சினை இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓட ஆரம்பித்தால்தான் பல்லிளிக்கிறது.

மெஷின் இதுதான்: ரைசன் 7000 வரிசையில் எட்டு கோர், 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, ஏ2, பி2 ஸ்லாட்களில். எக்ஸ்போ (ராமோடு வரும் ஆயத்த வேக அமைப்பு) 6000, சிஎல்30 (தாமத அளவு), 1.35 வோல்ட். ஊரே ஓட்டும் அமைப்பு, இதில் புதுமை ஒன்றும் இல்லை.

அறிகுறிகள்தான் வெறுப்பேற்றின. கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று டெஸ்க்டாப்பில் வந்து நிற்கும். ப்ளூ ஸ்கிரீன் வந்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு பெயர். ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், அடுத்த நாள் பேஜ் ஃபால்ட், அப்புறம் ஏதோ ஒரு டிரைவரின் பெயர். இப்படிப் பெயர் மாறிக்கொண்டே இருந்தால் டிரைவரைத் திட்டி நேரத்தை வீணாக்காமல் ராம் பக்கம் திரும்பிவிட வேண்டும். ஆனால் மெம்டெஸ்ட்86 என்ற மெமரி சோதனை நிரலை ராத்திரி முழுக்க ஓட்டினால் ஒரு பிழைகூட இல்லை. ஒற்றை ஸ்டிக்கில் பாஸ், ஸ்லாட் மாற்றிப் போட்டாலும் பாஸ். கூலரைக் கழற்றி சிபியுவைத் துடைத்து மறுபடி மாட்டியும் பார்த்தாயிற்று. எல்லாம் சுத்தம் என்கிறது, கேம் மட்டும் விழுகிறது.

துப்பு கொடுத்தது ஃபைல்களைச் சுருக்கி விரிக்கும் 7-ஜிப். பெரிய ஆர்க்கைவ் ஒன்றைக் கேம் மூடிய கையோடு சோதித்தால் சிஆர்சி பிழை, அதாவது தரவு சரிபார்ப்பு எண் ஒத்துவரவில்லை. கொஞ்ச நேரம் அணைத்து வைத்துவிட்டு, மறுபடி துவக்கி அதே ஃபைலைச் சோதித்தால் எல்லாம் சரி. ஃபைல் கெட்டிருந்தால் எப்போதும் கெட்டதாகத்தானே காட்ட வேண்டும்? சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் லாகிங் போட்டுவிட்டு ஆடினேன். டிடிஆர்5-ல் ஒவ்வொரு ஸ்டிக்கின் எஸ்பிடி ஹப்பிலும் (ஸ்டிக்கின் விவரங்களை வைத்திருக்கும் சிப்) வெப்ப சென்சார் இருப்பது நமக்குப் பெரிய வரம். மெமரி சோதனையின்போது 45 டிகிரியைச் சுற்றி நின்ற ஸ்டிக்குகள், கேமில் அரை மணி நேரம் கழிந்ததும் 60-ஐத் தாண்டி நின்றன.

காரணம் கண்ணெதிரேதான் இருக்கிறது. இப்போது வரும் கார்டுகளின் வால்பகுதியில் சர்க்யூட் போர்டு கிடையாது, வெறும் ஹீட்சிங்க்தான். கீழேயிருக்கும் ஃபேன் அதன் வழியாகக் காற்றை நேரே மேலே தள்ளுகிறது. மேலே என்ன இருக்கிறது? ராம் ஸ்லாட். பக்கவாட்டுக் கண்ணாடியைத் திறந்து கார்டுக்கும் ஸ்டிக்குக்கும் நடுவே கையை நீட்டினால், ஏ2 ஸ்டிக்கின் அடிப்பக்கத்தை நோக்கி வெக்கை அடிப்பது தெளிவாகத் தெரிகிறது. அந்த ஸ்டிக்கின் மேல்பாதியை சிபியு கூலரின் முன் ஃபேன் மூடிக்கொண்டிருப்பதால் அதற்குத் தனியாகக் காற்றும் இல்லை. பி2-வைவிட அது எப்போதும் இரண்டு மூன்று டிகிரி கூடுதல்.

இனி டிரெஃபி கணக்கு. டிராம் (ராமின் சிப்) செல்லில் சார்ஜ் கசியும், அதனால்தான் அடிக்கடி ரெஃப்ரெஷ் செய்து நிரப்ப வேண்டும்; சூடானால் இன்னும் வேகமாகக் கசியும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிடிஆர்5 தரப்படி 3.9 மைக்ரோ நொடிக்கு ஒரு ரெஃப்ரெஷ். 85 டிகிரிக்கு மேல் போனால் அதில் பாதி இடைவெளி. ஒரு கடிகாரச் சுற்றில் இரண்டு முறை தரவு போவதால் 6000-ல் மெமரி கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ், ஆக 3.9 மைக்ரோ நொடி என்பது 11700 சுற்று. 65535 என்றால் கிட்டத்தட்ட 21.8 மைக்ரோ நொடி. எல்லா செல்களையும் ஒருமுறை முடிக்கத் தேவையான 8192 ரெஃப்ரெஷ் கட்டளைகளால் பெருக்கினால், 32 மில்லிநொடிக்கு ஒருமுறை புத்துயிர் பெறவேண்டிய செல் 179 மில்லிநொடி வரை தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆறியிருக்கும்போது நல்ல சிப்கள் இதைத் தாங்கிவிடுகின்றன. 60 டிகிரியில் என்னுடையவை தாங்கவில்லை.

இங்கே இன்னொன்று. டிடிஆர்5-ல் ஈசிசி (பிழை திருத்தும் வசதி) உள்ளேயே இருக்கிறது, பயமில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சிப்புக்குள் 128 பிட்டுக்கு 8 பிட் திருத்தக் குறியீடு இருப்பது உண்மைதான், ஒற்றைப் பிட் பிழையை அது சரிசெய்துவிடும். ஆனால் சரிசெய்ததை வெளியே நமக்குச் சொல்லாது. கசிவால் வந்த பிழை டெஸ்ட்மெம்5 என்ற மெமரி சோதனை நிரலின் திரையில் தெரிகிறது என்றால், ஒரே துண்டில் இரண்டு பிட்டாவது போயிருக்கிறது. அதற்கு முன்னால் எத்தனை ஒற்றைப் பிட் நமக்குத் தெரியாமல் புரண்டு எழுந்ததோ! ஆகவே டிடிஆர்5-ல் ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை அலட்சியம் செய்ய நான் தயாரில்லை.

சந்தேகம் வந்துவிட்டது, நிரூபிக்க வேண்டுமே. நான் அதிக நேரம் செலவழித்தது இந்தச் சூட்டுச் சோதனையில்தான். டெஸ்ட்மெம்5-ஐ எக்ஸ்ட்ரீம் என்ற கடுமையான கான்ஃபிக்கோடு ஓட்டி, பக்கத்திலேயே கிராஃபிக்ஸ் கார்டைச் சூடேற்றும் ஃபர்மார்க்கை ஒரு விண்டோவில் போட்டுவிட வேண்டும். கண்ணாடி மூடியிருக்க வேண்டும், இது முக்கியம். திறந்து வைத்துச் சோதிப்பதும் சோதிக்காமல் இருப்பதும் ஒன்றுதான். கேபினட்டின் முன்பக்க ஃபேன்களையும் பயாஸில் கொஞ்சம் இறக்கிவிட்டேன், கேமில் எட்டும் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி மேலே போகட்டும் என்று. கொஞ்சம் பொறுமை வேண்டும்: ஃபர்மார்க் போட்ட உடனே ஸ்டிக் சூடாகாது, கேபினட் முழுக்கக் காற்று சூடாக நேரம் பிடிக்கும். 57 டிகிரி வரை டெஸ்ட்மெம்5 வாய் திறக்கவில்லை. 58, 59-ல் முதல் சிவப்பு வரி. அப்புறம் மளமளவென்று வந்தன. ஃபர்மார்க்கை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றியதும் வரிகள் நின்றுபோயின.

டெஸ்ட்மெம்5-ல் எந்த எண் டெஸ்ட் விழுந்தது என்று வைத்து எந்த டைமிங் (ராமின் தாமத அளவு) தப்பு என்று சொல்லும் பட்டியல்கள் உலவுகின்றன. அது ஜோசியம். ஒரே அமைப்பில் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு எண் விழுந்தது. எண்ணைப் பார்ப்பதைவிட விழுந்த நேரத்து வெப்பநிலையைக் குறித்து வைப்பது மேல்.

அப்புறம் இந்த அளவுகளைக் காட்டும் ஜென்டைமிங்ஸ் நிரலில் பார்த்து, பயாஸில் டிரெஃபியை மட்டும் கையால் 11700-க்கு இறக்கி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். அதே சூடு, அதே மூடிய கண்ணாடி. ஸ்டிக் 63 தொட்டும் ஒரு பிழை இல்லை. கேஸ் முடிந்தது.

பிழை என்றாலே வோல்டேஜை ஏற்று என்ற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதையும் பார்த்தேன். 1.40-க்கு ஏற்றினால் பிழை முன்னதாகவே வருகிறது! டிடிஆர்5-ல் பிஎம்ஐசி (மின்சாரத்தைச் சீராக்கும் சிப்) ஸ்டிக்கின் மேலேயே இருக்கிறது, கூடுதல் வோல்டேஜின் சூடும் அங்கேயே சேருகிறது. கசிவுப் பிழைக்கு வோல்டேஜ் மருந்தில்லை.

சரி, 11700-லேயே விட்டுவிடலாமா? மனசு கேட்கவில்லை. ஒரு ரெஃப்ரெஷ் முடிய ஆகும் நேரமான டிஆர்எஃப்சி என்னிடம் 480 சுற்று. 11700-ல் ரெஃப்ரெஷுக்காக மெமரி மொத்த நேரத்தில் 4.1 சதவீதம் முடங்குகிறது. 32768-ல் அது 1.5-க்கு இறங்குகிறது, 65535-ல் 0.7. அதாவது லாபத்தில் பெரும்பகுதி முதல் பாதியிலேயே கிடைத்துவிடுகிறது. கடைசி முக்கால் சதவீதத்துக்காக செல்களை இரண்டு மடங்கு நேரம் தவிக்கவிடுவதில் என்ன இருக்கிறது? பெஞ்ச்மார்க் படத்துக்கு வேண்டுமானால் அழகு. 32768 வைத்து அதே சூட்டுச் சோதனையை ஓட்டினேன். டெஸ்ட்மெம்5 சுத்தம், ஒய்-க்ரஞ்சர் என்ற கணக்கீட்டு நிரலின் விஎஸ்டி, விடி3 சோதனைகள் இரண்டும் சுத்தம், 7-ஜிப்பும் வாயைத் திறக்கவில்லை.

என் மனத்தாங்கல் அந்த முன்னமைவின் மேல்தான். டிரெஃபியை உச்சத்துக்கு ஏற்றுவதாக அதன் விளக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. வெப்பநிலை பார்த்து இறக்கிக்கொள்ளும் புத்தியும் அதற்கு இல்லை. எக்ஸ்போவை மட்டும் போட்டு, சப்டைமிங்கை (டிரெஃபி போன்ற துணை அளவுகளை) கையால் எழுதிக்கொள்வது எவ்வளவோ நிம்மதி.

சோதனை முடியும்வரை மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோரை (முந்தைய மெமரிப் பயிற்சியின் முடிவையே மறுபடி பயன்படுத்தும் வசதி) ஆஃப் செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு துவக்கத்திலும் புதிதாகப் பயிற்சி (ராமுக்கேற்ப சிக்னலைச் சரிசெய்துகொள்ளும் வேலை) நடக்க வேண்டும், ஒரு நல்ல பயிற்சியைச் சேமித்துவைத்து அதை வைத்தே பாஸ் காட்டிவிடக் கூடாது. பயிற்சி முடியும்வரை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பழகிவிட்டது.

ராமுக்கு மேலே ஒரு 92 மில்லிமீட்டர் ஃபேன் மாட்டலாம் என்று பிராக்கெட் வரைந்துகொண்டிருக்கிறேன். கூலர் ஃபேனை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால்தான் இடம் கிடைக்கும், கண்ணாடி மூடுமா என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். நாலு ஸ்டிக் ஆசையும் இருந்தது. ஆனால் இந்த ரைசன் 7000 வரிசையில் நாலு ஸ்டிக்குக்கு அதிகாரபூர்வ வேகம் 3600-தான், இரண்டுக்கு 5200. கொள்ளளவு வேண்டுமென்றால் பெரிய ஸ்டிக் இரண்டு வாங்குவதுதான் வழி. அதற்கு முன்னால் டிஆர்எஃப்சியை 480-லிருந்து 448-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும். இப்போதே ஃபர்மார்க்கோடு ஓடிக்கொண்டிருக்கிறது, ஏ2 56-ல் நிற்கிறது, இன்னும் சிவப்பு வரவில்லை.