உர மூட்டையிலிருந்து இணைதிறன் எலக்ட்ரான் படித்த கதை

நான் படித்தது பி.ஏ. தமிழ். குரூப் 4 தேர்வுக்கு உட்கார்ந்தபோது வேதியியலில் இணைதிறன் எலக்ட்ரான் பகுதிதான் பிடிபடாமல் நின்றது. மன்னார்குடி பக்கம் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். குறுவை நேரத்தில் கடையில் கிடைக்கிற இடைவெளியில்தான் படிப்பு. அதனால் எதிரே அடுக்கியிருந்த மூட்டைகளிலிருந்தே தனிமங்களை எடுத்துக்கொண்டேன். யூரியாவில் நைட்ரஜன், டிஏபியில் அதோடு பாஸ்பரஸ், பொட்டாஷில் பொட்டாசியமும் குளோரினும்.

அணு எண் எவ்வளவோ, அணுவில் எலக்ட்ரானும் அவ்வளவு. அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் நிற்கும் அடுக்குகளைக் கூடு என்பார்கள்; உள்ளிருந்து வரிசையாக கே, எல், எம், என் என்று பெயர். கே கூட்டில் 2, எல் கூட்டில் 8 என்று உள்ளிருந்து நிரப்பிக்கொண்டே வந்தால், கடைசிக் கூட்டில் நிற்பவைதான் இணைதிறன் எலக்ட்ரான்கள். நைட்ரஜன் 7: அதாவது 2, 5. பாஸ்பரஸ் 15: 2, 8, 5. இரண்டுக்கும் ஐந்து.

பொட்டாசியத்துக்கு 19. எம் கூடு 18 வரை கொள்ளுமே, பிறகு ஏன் 2, 8, 9 என்று எழுதக்கூடாது? தஞ்சாவூரில் வேதியியல் படிக்கும் அண்ணன் மகளுக்கு போன் போட்டேன். "கடைசிக் கூட்டுல எட்டுக்கு மேல நிக்காது அத்தை. 4எஸ்-க்கு 3டி-யை விட ஆற்றல் கம்மி, அதனால அடுத்தது அங்கதான் போகும்" என்றாள். 3டி என்பது மூன்றாவதான எம் கூட்டின் ஓர் உட்பிரிவு, 4எஸ் நான்காவது கூட்டின் உட்பிரிவு. ஆக 2, 8, 8, 1. குளோரினுக்கு 2, 8, 7. பொட்டாசியம் அந்த ஒன்றைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. மூட்டைக்குள் இருக்கும் பொட்டாசியம் குளோரைடு உருவானது இப்படித்தான் என்று புரிந்தபோது அவ்வளவு சந்தோஷம்!

தேர்வில் நேரமில்லையென்றால் தொகுதி எண்ணே, அதாவது தனிம வரிசை அட்டவணையில் அந்தத் தனிமம் நிற்கும் செங்குத்து வரிசையின் எண்ணே போதும். 1, 2 தொகுதிகளுக்கு அதே எண். 13 முதல் 18 வரை பத்தைக் கழிக்க வேண்டும். ஹீலியம் மட்டும் விலக்கு. 18ஆம் தொகுதியில் இருந்தாலும் அதற்கு 2 தான்.

நடுவிலுள்ள 3 முதல் 12 வரையான தொகுதிகளில் இந்தக் குறுக்குவழியை நம்பாதீர்கள். இரும்பு 2, 8, 14, 2. வெளிக்கூட்டில் இரண்டுதான், ஆனால் உள்ளேயிருக்கும் டி எலக்ட்ரான்களும் பிணைப்பில் சேரும். அதனால்தான் இரும்புக்கு இரண்டு எலக்ட்ரானை இழந்த 2+, மூன்றை இழந்த 3+ என இரு நிலைகள். நம் வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணிலுள்ள இரும்பு 3+ நிலையிலிருந்து 2+ நிலைக்கு மாறுகிறது.