பலகையில் ஒரு சக் சாவி

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் மேற்பார்வை பார்த்தேன். அரிசி ஆலைகளுக்கு வேண்டிய ஷாஃப்ட், புஷ், புல்லிதான் எங்கள் வேலை. ஒருமுறை முதலாளி என்னைத் தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில் நடத்திய பயிற்சிக்கு அனுப்பினார். ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பு என்று ஒன்று இருப்பதே அங்கேதான் தெரிந்தது. 1961-ல் இந்தியா, ஜப்பான், நேபாளம், பாகிஸ்தான் உட்பட 8 நாட்டு அரசுகள் சேர்ந்து தொடங்கியது, தலைமையகம் டோக்கியோ. ஒரு நாடு பட்டுத் தெரிந்துகொண்டதை மற்ற நாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தங்களுக்குள் சண்டை போட்ட நாடுகள்கூட இதற்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு நாள் முழுக்கச் சும்மா நின்று பார்த்தேன். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சாவி வேண்டும், அதுதான் சக் சாவி. அதைத் தேடி யார் எழுந்து போனாலும் ஸ்டோர் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு. மதியச் சாப்பாட்டுக்குள் கதவில் பாதி வெள்ளையாகிவிட்டது. பட்டறைக்கே இரண்டு சாவிதான். அதில் ஒன்று எந்நேரமும் இரும்புச் சுருளுக்குள் புதைந்து கிடக்கும். சரி என்று ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு சாவி வாங்கினோம். பக்கத்திலேயே பலகை அடித்து, சாவியின் உருவத்தைச் சிவப்புப் பெயிண்டில் வரைந்து மாட்டினோம். சாவி இல்லையென்றால் சிவப்பு கண்ணில் அடிக்கும்.

வேலை சீக்கிரம் முடிய ஆரம்பித்தது. அப்போதுதான் எங்கள் மூத்த டர்னர் அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, இப்படி வேகமா முடிச்சா நாளைக்கு ஆளைக் குறைச்சிருவாவளோ?"

பயிற்சியில் கேட்டதைச் சொன்னேன். ஜப்பானில் 1955-ல் உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கியபோதே மூன்று கொள்கை வைத்தார்கள்: வேலைவாய்ப்பு குறையாமல் பெருக வேண்டும், தொழிலாளியும் நிர்வாகமும் கலந்து பேச வேண்டும், வரும் பலனை நியாயமாகப் பங்கிட வேண்டும். அண்ணாச்சி மூன்றாவதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார்.

அதை முதலாளியிடம் எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது. அது என் தப்பு. பலகை அடித்த அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். கேட்டதும் அவர் கணக்கு நோட்டைப் புரட்டிவிட்டு, அந்தத் தீபாவளிக்கு எல்லாருக்கும் போனஸைக் கூட்டிக் கொடுத்தார்.

அப்புறம் ஒரு நாள் காலையில், டிரில்லிங் மெஷின் பக்கமும் ஒரு பலகை அடித்தால் தேவலை என்று அண்ணாச்சியே வந்து சொன்னார். அளவைக்கூட எடுத்து வைத்திருந்தார்.