பனங்கட்டி ஏன் கசிகிறது?

கொழும்பு வெள்ளவத்தைக் கடைகளில் பனங்கட்டிக் குட்டான் (பனையோலைப் பெட்டிக்குள் ஊற்றிய பனைவெல்லம்) வாங்கியவர்களுக்கு இது தெரியும். வடக்கிலிருந்து வந்திறங்கும்போது கல்லுப் போல இருக்கும். கொஞ்ச நாளில் ஓலைக்கு வெளியே பாகு கசிந்து, தட்டு பிசுபிசுத்து, எறும்பு மொய்க்கத் தொடங்கிவிடும். கடைக்காரர் திருப்பி அனுப்புவார். செய்தவரோ "கொழும்பு ஆக்களுக்கு எங்கட சாமான் பிடிக்கேல்லை" என்று மனம் சோர்ந்துபோவார்.

பிடிக்காமல் இல்லை. கொழும்பின் கடற்காற்றில் ஈரம் அதிகம், பனங்கட்டி அதை உறிஞ்சும், ஓலை தடுக்காது. குட்டானை முழுதாக ஆறவிட்டு, தடித்த லேமினேட் பைக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டினால் பெரும்பாலும் தப்பும். காய்ச்சும்போதே பதம் குறைந்திருந்தால் எந்தப் பையாலும் பயனில்லை.

கறித்தூளிலும் இதே கதைதான். வறுத்த சூட்டோடு அடைத்தால் பைக்குள் வேர்த்து, தூள் கட்டிபடும், பூஞ்சணம் பிடிக்கும். ஒட்டும் இடத்தில் துளி தூள் படிந்திருந்தாலும் ஒட்டு பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத வாய் திறந்தே இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒட்டிய இரண்டு மூன்று பைகளை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் எங்கோ காற்றுப் போகிறது, பெரும்பாலும் வாய் துடைத்து ஒட்டவில்லை என்று அர்த்தம்.

விலை போடுவதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் 500 ரூபாய்க்கு விற்கும் கறித்தூள் பக்கெட்டில் கடைக்காரருக்கு 100 போகட்டும். 100 பக்கெட் அனுப்பினால் 40,000 வரவேண்டும். எட்டு திரும்பி வந்தால் 3,200 போச்சு. பையும் லேபிளும் 2,500, பஸ் கூலி 2,000. மிச்சம் 32,300. ஆக, மிளகாய், மல்லி, விறகு, அரைகூலி, உங்கள் உழைப்பு எல்லாம் பக்கெட்டுக்கு 323 ரூபாய்க்குள் அடங்கவேண்டும். ஊர்ச் சந்தை விலையில் கொஞ்சம் கூட்டிக் கொழும்பு விலை வைப்பவர்கள் அந்த எட்டுப் பக்கெட்டையும் பஸ் கூலியையும் எண்ணுவதே இல்லை.

கடைக்குக் கடனாகச் சாமான் கொடுப்பதும் அப்படித்தான். பின்திகதியிட்ட காசோலையை நம்பி அடுத்த மூட்டை மிளகாய் வாங்க முடியாது. முதல் மூன்று தடவை காசுக்கே கொடுங்கள். பிறகு பில்லுக்குப் பில்: பழைய பில் தீர்ந்தால்தான் புதுப் பொதி இறங்கும். கேட்கக் கூச்சப்படவேண்டாம், புறக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல.

பேப்பர் வேலை பயந்த அளவுக்கு இல்லை. தனியாள் வியாபாரத்தின் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு போங்கள். லேபிளில் உற்பத்தி, காலாவதித் திகதிகள், தொகுதி எண், நிறை, உள்ளடக்கம், முகவரி, உச்ச விலை எல்லாம் வேண்டும். தமிழில் மட்டும் அடித்துவிட்டு நிற்காமல் மூன்று மொழியிலும் அடியுங்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவதென்றால் பார்கோடும் வேண்டும். இலங்கையில் எடுப்பது 479 என்று தொடங்கும்.

கொழும்பிலிருந்து உதவ நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரைக்கும் மெசின் வாங்கிக் கொடுக்கமுதல் ஒரு ஓடர் கொடுங்கள். உங்கள் தொடர்மாடியில் பத்து வீடு சேர்ந்தால், வீட்டுக்கு இரண்டாக மாதம் 20 பக்கெட். ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில் சொல்லி, வந்த அன்றே காசு கொடுங்கள். எத்தனை கிலோ மிளகாய் காயவைப்பது என்று செய்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.