தண்ணீருக்கும் வழி விடணும்

கோவையில் எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் சிலிண்டரைப் பார்த்ததும் "ஹைட்ரஜன் வெடிக்காதுங்களா?" என்றுதான் கேட்பார்கள். நாங்கள் செய்வது எரிபொருள் கலம்; ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தருவது. அதில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஹைட்ரஜன் அல்ல, தண்ணீர்.

ஆக்சிஜன் வரும் பக்கத்து எலெக்ட்ரோடான கேத்தோடில் ஆக்சிஜன், புரோட்டான், எலெக்ட்ரான் மூன்றும் பிளாட்டினத் துகளின் மேல் ஒன்றுசேர வேண்டும். சேர்ந்தால் தண்ணீர் பிறக்கும். அதுவும் வெளியேற வேண்டும். இத்தனையும் நடப்பது 10 மைக்ரான் அளவுள்ள படலத்துக்குள். புரோட்டானைக் கடத்தும் பாலிமரான நாஃபியான் அதில் குறைந்தால் புரோட்டானுக்குப் பாதை அறும், கூடினால் ஆக்சிஜனும் தண்ணீரும் போகும் துளைகள் அடைபடும். 1980களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் சதுர செ.மீ.க்கு 4 மில்லிகிராமாக இருந்த பிளாட்டினத்தை 0.4க்குக் கொண்டுவந்தது எலெக்ட்ரோடுக்குள் நாஃபியானைச் செலுத்தித்தான். உலோகம் அதே பிளாட்டினம்தான்.

இந்தப் படலத்தைப் பூசுவதற்கான இங்க் தயாரிக்கும்போது பிளாட்டினம் ஏற்றிய கார்பன் பொடியை முதலில் தண்ணீரில் நனைத்துவிட வேண்டும். காய்ந்த பொடியில் நேரே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றினால் தீப்பிடித்துக்கொள்ளும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடம் இதுதான். பிறகு நாஃபியான் சேர்த்து, அல்ட்ராசோனிக்கில் கலக்கி, சூடான தட்டில் வைத்த கார்பன் பேப்பரில் ஸ்ப்ரே செய்வோம்.

பங்குனி வெயிலில் அது ஒரு மாதிரி காயும், ஆடிக் காற்றில் வேறு மாதிரி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வறண்ட குளத்துச் சேறு போல வெடிப்பு. திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இருந்துவிட்டு எங்களிடம் டெக்னீஷியனாக வந்த அண்ணன் பூச்சை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மேல மட்டும் வெரசாக் காஞ்சிருக்குதுங்க தம்பி. ஒரேமுட்டா அடிக்காதீங்க. சன்னமா அடிச்சு, காய உட்டு, மறுக்கா அடிங்க."

அப்படியே செய்தோம், தட்டின் சூட்டையும் குறைத்தோம். குறைந்த மின்னோட்டத்தில் பழைய எலெக்ட்ரோடுக்கும் புதியதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. மின்னோட்டத்தை ஏற்றியபோதுதான் பழையதில் தண்ணீர் தேங்கி வோல்டேஜ் சரிந்தது; புதியது தாக்குப்பிடித்தது. ஆய்வுக் கட்டுரைகளில் பிளாட்டினம் போன்ற புதுக் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) தலைப்பில் வரும், உலர்த்திய விதம் ஒரே வரியில் முடிந்துவிடும். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

இப்போது மெம்பிரேன் (கலத்தின் நடுவே புரோட்டானைக் கடத்தும் சவ்வு) பக்கம் நாஃபியான் கூடவும், காற்றுப் பக்கம் குறையவும் இரண்டு அடுக்காக அடித்துப் பார்க்கிறோம். இரண்டு இங்க் என்றால் இரண்டு ஸ்ப்ரே கன். அண்ணனுக்கு இதில் உடன்பாடில்லை. "ரண்டையும் கழுவறது ஆருங்க?" என்கிறார்.