பேக்டெஸ்ட் லாபத்தை எக்செலில் பிரித்துப் பார்த்தேன்

நிஃப்டி ஃப்யூச்சர்ஸில் (நிஃப்டி பங்குக் குறியீட்டின் மீதான முன்பேர ஒப்பந்தம்) காலை முதல் அரை மணி நேர ரேஞ்ச், அதாவது அந்த நேரத்தின் உச்ச, தாழ் விலைகளுக்கு இடைப்பட்ட வரம்பு, உடைந்தால் நுழைவது, 3.15 மணிக்கு வெளியேறுவது. இந்த உத்தியைப் பழைய விலைகளில் சோதித்துப் பார்க்க (அதுதான் பேக்டெஸ்ட்), பைத்தானில் பேக்டெஸ்டிங்.பை என்ற நூலகம் மூலம் ஓட்டினேன். ரிட்டர்ன், வின் ரேட், டிராடவுன் (உச்சத்திலிருந்து கணக்கு இறங்கிய அளவு) எல்லாம் கண்ணுக்கு நன்றாகவே இருந்தன. ஆனாலும் ஒவ்வொரு டிரேடையும் தனியாகப் பார்க்காமல் இதில் பணம் போட எனக்கு மனமில்லை.

டிரேடுகளின் பட்டியல் முடிவுக்குள்ளேயே டேட்டாஃபிரேமாக (பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் ஒரு அட்டவணை) இருக்கிறது. நேராக எக்செல் கோப்பாக எழுதச் சொன்னால் பாண்டாஸ் மறுத்துவிட்டது: டைம்சோன் ஒட்டிய நேரத்தை எக்செல் ஏற்காதாம். என் டேட்டாவில் +05:30 ஒட்டியிருந்தது. என்ட்ரி, எக்ஸிட் நேரங்கள் இரண்டிலும் டைம்சோனை நீக்கியதும் கோப்பு வந்துவிட்டது. அப்புறம் டிரேட் நீடித்த நேரம் எல்லா வரிசையிலும் 0 என்று காட்டியது. எக்செல் அதை நாளின் பின்னமாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். செல் வடிவத்தை நேரமாக மாற்றினால் மணியும் நிமிடமும் தெரியும்.

சரி, உண்மையான வேலை இனிமேல்தான். பேக்டெஸ்டில் கமிஷனை ஒரே விகிதமாகத்தான் கொடுத்திருந்தேன். எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) அப்படி நிலையாக இருந்ததில்லை. ஃப்யூச்சர்ஸ் விற்பனைக்கு 2023 ஏப்ரல் 1 முதல் 0.0125 சதவீதம், 2024 அக்டோபர் 1 முதல் 2026 மார்ச் வரை 0.02 சதவீதம். எனவே தேதியும் விகிதமும் கொண்ட சின்ன அட்டவணை ஒன்றைப் பக்கத்து ஷீட்டில் போட்டு, விலுக்கப்பில் (அட்டவணையில் தேடும் எக்செல் ஃபார்முலா) கடைசி மதிப்பை ட்ரூ என்று, அதாவது அதே தேதி இல்லாவிட்டால் அதற்கு முந்தைய தேதியை எடுக்கும்படி கொடுத்து, ஒவ்வொரு டிரேடுக்கும் அந்த நாளின் விகிதத்தை எடுத்தேன். தேதிகள் ஏறுவரிசையில் இருந்தால்தான் இது சரியாக வரும். இன்னொன்று, எஸ்டிடி விற்கும் பக்கத்துக்கு மட்டும்தான். லாங் (முதலில் வாங்கிப் பிறகு விற்பது) என்றால் எக்ஸிட் விலை, ஷார்ட் (முதலில் விற்று, விலை இறங்கியதும் வாங்கி லாபம் பார்ப்பது) என்றால் என்ட்ரி விலை. ஷார்ட் டிரேடில் சைஸ் மைனஸாக இருக்கும் என்பதால் ஒரு இஃப் போதும்.

கணக்கு வந்ததும் படமே மாறியது. நிஃப்டி 25,000இல் இருக்கும்போது விற்றால் பழைய விகிதத்தில் 3 புள்ளிக்குச் சற்று மேல் போகும். 2024 அக்டோபர் விகிதத்தில் 5 புள்ளி. ஒரு டிரேடுக்குச் சராசரியாகச் சில புள்ளிகளை மட்டுமே நம்பியிருக்கும் இன்ட்ராடே (அன்றே நுழைந்து அன்றே வெளியேறும்) உத்திக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை. பிவட் டேபிளில் மாதவாரியாக அடுக்கினேன். 2024 அக்டோபருக்குப் பிறகு பல மாதங்கள் சிவப்பாகிவிட்டன.

கடைசியாக லாபத்தை இறங்குவரிசையில் அடுக்கினேன். உச்சியில் இருந்தது தேர்தல் முடிவு வெளியான 2024 ஜூன் 4. அன்று நிஃப்டி 6 சதவீதத்துக்குக் கிட்ட விழுந்தது. அதை ஃபில்டரில் நீக்கிவிட்டுக் கூட்டினால் மீதி லாபம் மிகச் சொற்பம். ஸ்லிப்பேஜுக்கும் (எதிர்பார்த்த விலைக்கும் உண்மையில் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்) ஒரு நெடுவரிசை சேர்த்துப் பார்க்கும் வரை இந்த உத்திக்கு ஒரு லாட்கூட (ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவு) ஒதுக்கப்போவதில்லை.