88 மீட்டருக்குள்ள ஒரு போர்க்கப்பல்

தென்கொரியாவுல கப்பல் டிசைன் ஆபீஸ்ல இஞ்சின் ரூம் லேஅவுட் போடுறதுதான் என் வேலை. சரக்குக் கப்பல்லயே பழகின எனக்கு, போஹாங் ஊர்ல மியூசியமா நிறுத்தி வச்சிருக்குற போஹாங்ங்கிற கார்வெட்டுக்குள்ள, அதாவது சின்ன போர்க்கப்பலுக்குள்ள, போனப்ப பிரமிப்பா இருந்துச்சு. நீளம் 88 மீட்டர், அகலம் வெறும் 10 மீட்டர், அதுக்குள்ள பீரங்கி, டார்பிடோ, சோனார் (ஒலியால தண்ணிக்கு அடியில இருக்குறத கண்டுபிடிக்கிற கருவி), சமையல்கட்டு, கிட்டத்தட்ட நூறு பேருக்குப் படுக்கை எல்லாத்தையும் அடக்கியிருக்காங்க. 1980கள்ல ஆரம்பிச்சு 1993 வரைக்கும் இந்த கிளாஸ்ல, அதாவது இதே டிசைன்ல, 24 கப்பல், ஒரே கப்பல் கட்டுற யார்டுக்குக் குடுக்காம நாலு யார்டுக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க. கொரிய யார்டுகள் போர்க்கப்பல் கட்டக் கத்துக்கிட்டதே இதுல எல்லாம்தான்னு நான் நினைக்கிறேன்.

எங்க டீம்ல ஒரு சீனியர் கட்டாய ராணுவ சர்வீஸ நேவியில, இதே கிளாஸ் கப்பலோட இஞ்சின் ரூம்ல பண்ணவரு. ரெண்டு டீசல் இஞ்சின், ஒரு எல்எம் 2500 கேஸ் டர்பைன் (விமான ஜெட் இஞ்சின் மாதிரியானது). ரோந்துக்கு டீசல், வேகமா போகணும்னா டீசல விடுவிச்சுட்டு டர்பைன், ரெண்டும் சேந்து ஓடாது, ஒத்த டர்பைன்தான் கியர்பாக்ஸ் வழியா ப்ரொப்பெல்லரோட ரெண்டு ஷாஃப்டையும் சுத்தும், 32 நாட் (மணிக்கு சுமார் 59 கிலோமீட்டர்) வரைக்கும் போகும். ஆனா மெதுவா ரோந்து போறப்போ ஓடுறது டீசல்ங்கிறதால அந்த அதிர்வு அப்படியே தண்ணிக்குள்ள இறங்கும், நீர்மூழ்கியோட சத்தத்த காது குடுத்துக் கேக்க வேண்டிய நேரத்துல நம்ம சத்தமே நமக்கு எதிரி. வடகொரியாவோட வேகப் படகுகள விரட்டுறதுதான் அப்போதைய பெரிய கவலை, அதுக்கு ஏத்த கப்பல்தான் இது, டிசைன் பண்ணவங்கள குறை சொல்ல எனக்கு மனசு வரல.

2010 மார்ச் 26 ராத்திரி பெங்னியோங் தீவு பக்கத்துல இதே கிளாஸ் கப்பலான சோனான் ரெண்டா உடைஞ்சு முழுகிச்சு. கப்பல்ல இருந்த 104 பேர்ல 46 பேர் இறந்துட்டாங்க. வடகொரியாவோட டார்பிடோதான், ஆனா அது கப்பல்மேல மோதல, கேஸ் டர்பைன் ரூமுக்கு நடுவுலருந்து இடதுபக்கமா 3 மீட்டர் தள்ளி தண்ணிக்கு அடியில வெடிச்சுதுன்னு விசாரணைக் குழு சொன்னாங்க, வடகொரியா மறுத்துட்டாங்க. பியோங்டேக் கடற்படைத் தளத்துல அந்த உடைஞ்ச பாகங்கள் இருக்கு. கப்பலோட அடி முதுகெலும்பான கீல் வளைஞ்சு நிக்குறதையும் தகடு மேல்நோக்கி மடங்கியிருக்குறதையும் பாத்தப்போ, டிராயிங்ல நாம கோடு போடுற ஒவ்வொரு ரூமுலயும் ஆள் நிப்பாங்கங்கிறது நெஞ்சுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு, அந்த சீனியர் பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை பேசல.

இந்த கிளாஸ்ல மிச்சத்துல சில கப்பல்கள் பிலிப்பைன்ஸ், கொலம்பியா, பெரு, வியட்நாம், எகிப்துன்னு போயிருச்சு.

2023ல அதே சோனான் பேர்ல புது ஃப்ரிகேட் (கார்வெட்ட விடப் பெரிய போர்க்கப்பல்) சேவைக்கு வந்துச்சு. மெதுவா போறப்ப டீசல் நேரா ஷாஃப்ட சுத்தாது, ஜெனரேட்டர் குடுக்குற கரண்ட்ல எலக்ட்ரிக் மோட்டார் சுத்தும், பின்னாடி இழுத்துட்டுப் போற சோனாரும் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த மோட்டார்தான். ஜெனரேட்டர அதிர்வு தாங்குற மவுண்ட் மேல தனியா உக்கார வைக்கலாம், ஷாஃப்டோட அது ஒட்டியிருக்கணும்னு இல்ல. லேஅவுட் போடுறவனுக்கு இது எவ்ளோ பெரிய விடுதலைன்னு அந்த சீனியர்கிட்ட சொன்னேன், அவரு உடனே பேப்பர எடுத்து பழைய கப்பல்ல எந்த இஞ்சின் ஃபவுண்டேஷன் எங்க இருந்துச்சுன்னு வரைய ஆரம்பிச்சுட்டாரு.